முடிச்சு ஏன் நழுவுகிறது, ஏன் இறுகுகிறது: மலையில் கயிறு கட்டுவோருக்கு

முடிச்சு போடக் கற்றுத்தரும் காணொளிகளுக்குக் குறைவில்லை. எல்லாவற்றிலும் தடித்த புதுக்கயிறு, காய்ந்த மேசை, நல்ல வெளிச்சம். இலங்கை மலையகத்தில், ஹற்றனிலோ தலவாக்கலையிலோ ஒரு மாலை நேரத்தில் கயிறு கட்டிப் பாருங்கள். நனைந்த நைலோன், விறைத்த விரல், ஐந்து மணிக்கே இறங்கிவிடும் மூடுபனி. காணொளியில் நின்ற அதே முடிச்சு இங்கே நழுவும். இல்லையென்றால் பல்லால் கடித்தாலும் அவிழாது.

அப்படி ஆனதும் வேறு முடிச்சு தேடிப் போகிறவர்கள்தான் அதிகம். தேவையில்லை. கயிறு எந்த ரகம், எதில் கட்டியிருக்கிறோம், இழுவை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்ற மூன்றையும் பார்த்தால் பாதிக் கோளாறு அங்கேயே தெரிந்துவிடும். ஐந்தாறு முடிச்சு கைவசம் இருந்தால் போதும். ஆனால் ஒவ்வொன்றும் எந்த நேரத்தில் காலை வாரும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே இதை முதலிலிருந்து கடைசிவரை படிக்கத் தேவையில்லை. உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ரீப், போலைன், க்ளோவ் ஹிட்ச், ஷீட் பெண்ட் என்ற ஆங்கில முடிச்சுப் பெயர்களை அப்படியே எழுதுகிறேன். சாரணர் குழுவில் இருந்தவர்களுக்கு இவை தண்ணீர்பட்ட பாடு. இலங்கையில் சாரணியம் 1912இல் தொடங்கியதே மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில்தான். இந்தப் பெயர்கள் மலைக்கு வந்து நூறு வருடம் தாண்டிவிட்டது. மற்றபடி, பாரத்தைத் தாங்கிக்கொண்டு போகும் பக்கத்தை நீள்பக்கம் என்றும், கையில் பிடித்துச் சுற்றுவதை நுனி என்றும், முடிச்சுப் போட்டபின் மிஞ்சுவதை வால் என்றும், நுனியை ஒருமுறை சுற்றித் தன்னடியிலேயே செருகுவதை அரை முடிச்சு என்றும் சொல்கிறேன்.

எதற்கும் முன்னால் பார்க்க வேண்டியவை

ஹார்ட்வெயார் கடையில் நீலம், செம்மஞ்சள், பச்சை நிறங்களில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் பொலிப்புறொப்பிலீன். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் அதுதான், நைலோன் அமிழ்ந்துவிடும். பொலிப்புறொப்பிலீன் விறைப்பும் வழுக்கலும் உள்ள கயிறு. முடிச்சு கடித்துப் பிடிக்காது. நைலோன் நன்றாக நீளும், நனைந்தால் இன்னும் நீளும். தும்புக் கயிறு சொரசொரப்பானது, முடிச்சைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் பலம் குறைவு.

அடுத்தது, முடிச்சை ஒழுங்குபடுத்துவது. இழைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். அதன்பின் முடிச்சிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக இழுத்து இறுக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் பிடித்து ஒரே வெட்டில் இழுப்பது போதாது. அப்புறம் வால். கயிற்றின் தடிப்பைப் போல் பத்துப் பன்னிரண்டு மடங்கு நீளம் வால் இருக்க வேண்டும். 10 மில்லிமீற்றர் கயிறென்றால் 10 முதல் 12 சென்ரிமீற்றர். வழுக்கும் கயிற்றுக்கு இன்னும் கூட்டுங்கள். இந்த இரண்டையும் சரிசெய்ததும் கோளாறு போய்விட்டால் மீதியைப் படிக்காமல் போய் வேலையைப் பாருங்கள்.

"ராத்திரி இறுக்கித்தான் கட்டினேன், விடியும்போது தொங்குது"

கூடாரக் கயிற்றுக்கும் படங்கின் ஓரக் கயிற்றுக்கும் வரும் புகார் இது. முடிச்சைத் திட்டுமுன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். இரவு கட்டி முடித்ததும் முடிச்சு நிற்கும் இடத்துக்கு அடுத்தாற்போல கயிற்றில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். காலையில் முடிச்சு கோட்டைவிட்டு நகர்ந்திருந்தால் குற்றம் முடிச்சுடையது. கோட்டிலேயே நின்றால் துணி நீண்டிருக்கிறது, அல்லது முளை சாய்ந்திருக்கிறது.

துணிதான் பெரும்பாலும். நைலோன் துணி ஈரத்தை இழுத்துத் தளரும். நைலோன் கயிறும் அப்படித்தான். இதற்கு மழைகூட வேண்டியதில்லை. ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் அங்கே புல்லில் உறைபனி படியும். பனி ஈரம் ஒன்றே போதும், மாலையில் விறைப்பாக நின்ற துணி நள்ளிரவில் வயிறு தள்ளிவிடும். இதற்கு எந்த முடிச்சாலும் மருந்து இல்லை. இருட்டி ஒரு மணி நேரம் கழித்து, படுக்கப் போகுமுன், எல்லாக் கயிற்றையும் ஒருமுறை சுற்றி வந்து இறுக்குங்கள். அதனால்தான் கூடாரக் கயிற்றுக்கு அவிழ்க்காமலே நகர்த்தக்கூடிய முடிச்சு வேண்டும் என்பது.

சணல், பருத்திக் கயிறென்றால் கதை தலைகீழ். நனைந்தால் அவை ஊதிச் சுருங்கும். மழை இரவில் முளையையே பிடுங்கிவிடும், இல்லை துணியைக் கிழிக்கும். அவற்றை மாலையில் கொஞ்சம் தளர்த்தியே விட வேண்டும்.

முடிச்சு நகர்ந்திருந்தால் நீங்கள் போட்டது அநேகமாக டோட்லைன் ஹிட்ச். நுனியை முளையைச் சுற்றிக் கொண்டுவந்து, நீள்பக்கத்தில், வளையத்துக்கு உள்ளே முளையை நோக்கி இரண்டு சுற்று. பிறகு வளையத்துக்கு வெளியே, கூடாரப் பக்கமாக, அதே திசையில் ஒரு அரை முடிச்சு. தும்புக் கயிற்றில் இது பிசகாது. வழுக்கும் நைலோனில் உள்ளே இரண்டு சுற்று போதாது; மூன்று, தேவையென்றால் நான்கு போடுங்கள். கடைசி அரை முடிச்சு எதிர்த் திசையில் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். இருட்டில் கட்டும்போது இந்தத் தப்பு சர்வ சாதாரணம். சுற்றெல்லாம் சரியாக இருந்தும் நகர்கிறதென்றால் கயிறு உங்கள் முடிச்சுக்கு அளவுமீறி வழுக்குகிறது. அந்த முடிச்சுக்கு மேலே இன்னொரு அரை முடிச்சு போட்டுப் பூட்டிவிட்டுத் தூங்குங்கள், காலையில் யோசிக்கலாம்.

முளைக்கு வருவோம். பத்தனைப் புல்வெளி மண் மேலே புல்வேரால் கெட்டியாகத் தெரிந்தாலும் கீழே மெத்தென்று இருக்கும். முளையின் தலை கூடாரத்தைவிட்டு வெளிப்பக்கம் சாய்ந்து, கயிறும் முளையும் ஏறத்தாழ நேர்கோணத்தில் நிற்க வேண்டும். கயிற்றை முளையின் நடுவில் கட்டினால் அது நெம்புகோலாகி முளையைச் சாய்க்கும். மண்ணோடு ஒட்டிக் கட்டுங்கள். மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தால் இன்னும் நல்லது. போகும்போது அந்தக் கல்லை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போங்கள். ஹோர்ட்டன் சமவெளியில் கூடாரம் அடிக்க வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

"யாரும் தொடவில்லை, தானாக அவிழ்ந்துவிட்டது"

இரண்டு நுனியைச் சேர்த்துக் கட்டிய முடிச்சென்றால், முதலில் அது ரீப்தானா என்று பாருங்கள். வலது நுனியை இடதின் மேல் போட்டுச் சுற்றி, அடுத்து இடதை வலதின் மேல் போட்டால் ரீப். இரண்டு தடவையும் ஒரே பக்கத்தைப் போட்டால் கிரானி முடிச்சு, அது நழுவும். கண்ணால் பார்த்தே சொல்லலாம்: ரீப்பில் வால் தன்னுடைய நீள்பக்கத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும். கிரானியில் வால்கள் குறுக்கே விறைத்துக்கொண்டு நிற்கும். சப்பாத்து நாடா அடிக்கடி அவிழ்கிறவர்கள் இப்போதே குனிந்து பார்க்கலாம். நாடாவின் வில் காலுக்குக் குறுக்கே கிடக்காமல் நெடுக்காகத் திரும்பியிருந்தால் அது கிரானிதான்.

சுருங்காத கண்ணி போட உதவும் போலைன் அவிழ்ந்ததென்றால் வேறு விசாரணை. நீள்பக்கத்தில் ஒரு சிறு கண்ணி போடுகிறோம். நீள்பக்கம் கண்ணியின் அடியில் இருக்க வேண்டும். நுனி கீழிருந்து கண்ணிக்குள் மேலே வந்து, நீள்பக்கத்தின் பின்னால் சுற்றி, வந்த வழியே கண்ணிக்குள் இறங்கும். கட்டும்போதே, இழுத்த உடன் ஒன்றுமில்லாமல் உருவிக்கொண்டு போகிறதா? சிறு கண்ணி தலைகீழாகப் போயிருக்கிறது. நீள்பக்கம் மேலே கிடக்கிறது. அதை மட்டும் திருப்புங்கள்.

சரியாகக் கட்டிய போலைனும் அவிழும். பாரம் இருக்கும்வரை அது அசையாது. பாரம் வந்து வந்து போகும்போதுதான் ஒவ்வொரு உலுக்கலுக்கும் வால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை ஊவாப் பக்கம் அடிக்கும் கச்சான் காற்றில் படபடக்கும் படங்கின் மூலை, ஆள் ஏறி இறங்கும் ஹம்மொக், இந்த இரண்டும் போலைனுக்குச் சனி. விறைத்த பொலிப்புறொப்பிலீனில் இன்னும் சீக்கிரம் நடக்கும். சிறு கண்ணியை இரட்டைச் சுற்றாகப் போட்டால் டபுள் போலைன். உலுக்கலுக்கு நன்றாகத் தாங்கும். அதோடு வாலை நீளமாக விட்டு, பக்கத்துக் கண்ணிக் காலைச் சுற்றி ஒரு முடிச்சு போட்டுவிடுங்கள்.

"இறுகிப்போச்சு, அவிழவே மாட்டேங்குது"

கத்தியை எடுக்காதீர்கள். நனைந்திருந்தால் காயவிடுங்கள், குறிப்பாகச் சணல் கயிறு. ஊதிய இழை சுருங்கினாலே பாதி தளர்ந்துவிடும். நைலோனை எதிர்ப்பக்கமாக, முடிச்சின் இரு பக்கத்தையும் முடிச்சுக்குள் தள்ளுவது போல அமுக்கி, முன்னும் பின்னும் வளைத்துக் கொடுங்கள். முடிச்சை உள்ளங்கையில் வைத்து உருட்டினாலும் தளரும். வாலை இழுத்தால் இன்னும் இறுகும். நீள்பக்கத்தை உள்ளே தள்ளத்தான் வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் மழுங்கிய முனையுள்ள எதையாவது, கூடார முளை நல்லது, இழைகளுக்கு நடுவே நுழைத்துத் திருகுங்கள். கத்தி முனையை நுழைத்தால் இழை அறுபடும்.

ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு பலவீனமான இடம் இருக்கிறது. போலைனில் அது நீள்பக்கத்தைப் பின்னால் சுற்றிவரும் வளைவு. பெருவிரலால் அந்த வளைவை நீள்பக்கத்தின் வழியே அப்பால் மடக்குங்கள். எவ்வளவு பாரம் தாங்கியிருந்தாலும் விட்டுக்கொடுத்துவிடும். ரீப்பில் ஒரு வாலைப் பிடித்து அதன் நீள்பக்கத்தின் எதிர்த்திசைக்கு வெடுக்கென்று இழுத்தால் முடிச்சு கவிழ்ந்து உருவிவரும். (இதே காரணத்தால்தான் ரீப்பை நம்பி இரண்டு கயிற்றை இணைக்கக் கூடாது என்பது. கீழே பார்க்கவும்.) ஷீட் பெண்டில் மடிப்பின் முதுகைப் பின்னால் தள்ள வேண்டும்.

அடிக்கடி இறுகிப் போகிறதென்றால் நீங்கள் கண்ணி போடுவது வெறும் ஒற்றை முடிச்சில், அதாவது மடித்த கயிற்றில் அப்படியே ஒரு சாதாரண முடிச்சு. ஒரே ஒரு பெரிய இழுவைக்குப் பிறகு அது கல்லாகிவிடும். இன்னும் ஒரு அரைச் சுற்றுக் கூட்டி எட்டு வடிவக் கண்ணியாகப் போடுங்கள். பலமும் கூட, அவிழ்ப்பதும் சுலபம். தற்காலிகக் கட்டென்றால் கடைசி வாலை முழுதும் இழுக்காமல் மடித்துச் செருகிவிடுங்கள். விறைத்த விரலோடு அட்டை கடிக்கக் கடிக்க அவிழ்க்கும்போது அந்த மடிப்பின் அருமை தெரியும்.

"கம்பத்தில் வழுக்கிக் கீழே வருது"

சிவனொளிபாதமலைப் பருவத்தில், மார்கழிப் போயா முதல் வெசாக் வரை, நல்லதண்ணிப் பாதையில் போனால் வழிநெடுகக் கடைகள். மூங்கில் நட்டு, இரும்புக் குழாய் நட்டு, மேலே படங்கு இழுத்துக் கட்டியிருப்பார்கள். கொஞ்சம் நின்று கயிறு எப்படிப் போகிறது என்று பாருங்கள். அனுபவமுள்ளவர் மூங்கிலில் கட்டும்போது கணுவுக்கு மேலேயோ கீழேயோ ஒட்டிக் கட்டுவார், இழுவை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கணு முட்டுக்கொடுக்கும்படி. கணுவுக்கு நடுவில் வழுவழுவென்ற இடத்தில் கட்டிவிட்டு முடிச்சு சரியில்லை என்பவர் அடுத்த கடையில் இருப்பார்.

கம்பத்தை இரண்டு தடவை சுற்றி, குறுக்கே ஏறும் இரண்டாவது சுற்றின் அடியில் நுனியைச் செருகுவது க்ளோவ் ஹிட்ச். விரைவாகப் போடலாம் என்பதால் எல்லாரும் அதைத்தான் போடுகிறோம். மூன்று சந்தர்ப்பத்தில் அது நழுவும்: கம்பம் உருண்டால், கம்பம் வழுவழுப்பானதென்றால், இழுவை பக்கம் மாறி மாறி வந்தால். இரும்புக் குழாய்க்கும் உரித்த மூங்கிலுக்கும் அதை நம்பாதீர்கள். பதிலுக்கு, கம்பத்தை முழுதாக இரண்டு தடவை சுற்றி, நுனியால் நீள்பக்கத்தில் இரண்டு அரை முடிச்சு போடுங்கள். பாரத்தை அந்தச் சுற்றுகளே தாங்கும். அரை முடிச்சு பூட்டு மட்டும். இதுவும் தளர்ந்தால் அரை முடிச்சு இரண்டும் ஒரே திசையில் போயிருக்கிறதா என்று பாருங்கள். சரியாகப் போட்டிருந்தால் நீள்பக்கத்தின் மேல் ஒரு சின்ன க்ளோவ் ஹிட்ச் உட்கார்ந்திருக்கும்.

யூக்கலிப்டஸ் மரத்தில் இன்னொரு தொல்லை. அது பட்டையை நாடா நாடாவாகக் கழற்றும். உங்கள் முடிச்சு கெட்டியாகத்தான் இருக்கும், பட்டையோடு சேர்ந்து நழுவி வரும். உரிந்து தொங்குவதைக் கையால் அகற்றிவிட்டுக் கட்டுங்கள். உயிருள்ள மரத்தில் மெல்லிய நைலோனை நேரே இறுக்குவதைவிட ஒரு சாக்குத் துண்டைச் சுற்றி அதன் மேல் கட்டுவது மரத்துக்கும் நல்லது, வழுக்கலும் குறையும்.

இழுவை கம்பத்தின் நெடுகே வந்தால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. ரோலிங் ஹிட்ச் வேண்டும். எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமாக நீள்பக்கத்தைக் குறுக்கே கடந்து இரண்டு மூன்று சுற்று, மறுபக்கம் ஒரு அரை முடிச்சு. சுற்றுகள் தப்பான பக்கம் விழுந்தால் அப்படியே வழுக்கும், அதுதான் அறிகுறி. கம்பத்துக்குப் பதில் இன்னொரு கயிற்றின் மேல் நகர்த்தி நிறுத்த வேண்டுமென்றால் புருசிக். ஒஸ்ட்ரிய மலையேறி கார்ல் புருசிக் 1931இல் வெளியிட்டது. வளையமாகக் கட்டிய மெல்லிய கயிற்றை முதன்மைக் கயிற்றில் மூன்று தடவை தன்னுள்ளேயே சுற்ற வேண்டும். பிடிக்கவில்லையா? இரண்டு கயிறும் ஒரே தடிப்பாக இருக்கும். வளையக் கயிறு நன்றாக மெலிந்திருக்க வேண்டும். சேறு பட்டிருந்தால் துடைத்துவிட்டு ஒரு சுற்றுக் கூட்டுங்கள்.

"படங்கின் கண் பிய்ந்துவிட்டது"

இதற்கு முடிச்சைவிடக் கல்தான் மருந்து. ஓடையோரம் கிடக்கும் உருண்டைக் கல், எலுமிச்சம்பழ அளவு, கூர் இல்லாதது. மூலையின் அடிப்பக்கம் வைத்துப் படங்கைக் குவித்து, கழுத்தில் க்ளோவ் ஹிட்ச் போட்டு இறுக்குங்கள். கண்ணைவிட இது உறுதி, ஏனென்றால் இழுவை ஒரு பொத்தலில் விழாமல் துணி முழுவதும் பரவுகிறது.

"இரண்டு கயிற்றை இணைத்தேன், நடுவழியில் பிரிந்தது"

ரீப் போட்டிருப்பீர்கள். அது ஒரு பொருளைச் சுற்றி, பொருளோடு அழுந்திக் கிடக்கும்போது மட்டும் நிற்கும் முடிச்சு: கட்டுத்துணி, பார்சல், சுருட்டிய படங்கு. அந்தரத்தில் இரண்டு கயிற்றுக்கு நடுவே அதை விட்டால், ஒரு வால் எதிலாவது சிக்கி இழுபட்டதும் கவிழும்.

ஷீட் பெண்ட் போடுங்கள். தடித்த கயிற்றை மடியுங்கள். மெல்லிய கயிறு அந்த மடிப்புக்குள் கீழிருந்து மேலே வந்து, மடிப்பின் இரண்டு காலையும் பின்னால் சுற்றி, தன்னுடைய அடியிலேயே செருகப்பட வேண்டும். மடிப்புக்குள் திரும்ப இறங்கக் கூடாது. வால் இரண்டும் ஒரே பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய கயிற்றை மடித்துத் தடித்ததைச் சுற்றினால் பிடிக்காது, இது பலரும் செய்வது. தடிப்பு வித்தியாசம் கூடினாலோ கயிறு வழுக்கினாலோ பின்னால் இன்னொரு சுற்று. பாரமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தால் இதுவும் கழலும் என்பதால் கூடார முற்றத்தில் துணி காயப்போட நல்லது, அதற்குமேல் இதை நம்பி ஆளை விடாதீர்கள்.

ஆள் தொங்கும் கயிறு வேறு உலகம். பாறையில் இறங்க, அருவியோரம் இறங்க, ஆற்றைக் கடக்க என்று மனித பாரம் ஏறும் எந்த வேலைக்கும் இங்கே சொன்ன கடைக்கயிறும் இந்தக் குறிப்பும் போதாது. அதற்கென்று தரச்சான்று பெற்ற கயிறு, இடுப்புப் பட்டி, பக்கத்தில் நின்று முடிச்சைச் சரிபார்க்கும் இன்னொரு பயிற்சி பெற்ற ஆள், எல்லாம் வேண்டும்.

"லொறியில் இறுக்கிக் கட்டியது பாதி வழியில் தளர்ந்தது"

நுவரெலியாவிலிருந்து லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு இறங்கும் லொறிகளைப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் மூட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கி உட்காரும். சுமை சுருங்கும், கயிறு அப்படியே இருக்கும். ஆகவே முதல் சில கிலோமீற்றர் தாண்டி நிறுத்தி மறுபடி இறுக்குவது முடிச்சின் குறையால் இல்லை, வேலையின் ஒரு பகுதி. வேனின் கூரையில் கூடாரமும் பைகளும் ஏற்றிப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

முடிச்சு லொறிக்காரர் போடும் அதேதான். ஒரு பக்கத்தைக் கொக்கியில் கட்டி, கயிற்றைச் சுமைமேல் போட்டு, இந்தப் பக்கம் நெஞ்சு உயரத்தில் கயிற்றிலேயே ஒரு சுருக்குக் கண்ணி. நுனியைக் கீழ்க் கொக்கியில் மாட்டி, மேலே கொண்டுபோய்க் கண்ணிக்குள் விட்டுக் கீழே இழுக்க வேண்டும். கணக்குப்படி இழுவை மூன்று மடங்கு. கயிறு கயிற்றில் உரசுவதால் கைக்கு வருவது அதைவிட நல்ல குறைவு. பிறகு கண்ணியடியில் விரலால் நசுக்கிப் பிடித்துக்கொண்டே இரண்டு அரை முடிச்சு. இழுத்ததெல்லாம் போய்விடுகிறது என்று புலம்புகிறவர்கள் அந்த நசுக்கிப் பிடிப்பதை விட்டுவிடுகிறார்கள். "தம்பி, விரலை எடுத்திட்டா கயிறும் போகும்" என்று எந்த லொறி அண்ணனும் சொல்லுவார்.

இழுக்கும்போது கண்ணியே சுருங்கி மறைகிறதா? சுருக்குக் கண்ணியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். கட்டுமுன் சோதித்துப் பாருங்கள்: கண்ணியைப் பிடித்துக்கொண்டு, சுமைமேல் போகும் பக்கத்தை இழுங்கள். சுருங்கினால் பிழை, அசையாமல் நின்றால் சரி. எட்டு வடிவக் கண்ணி போட்டால் இந்தச் சந்தேகமே இல்லை, அவிழ்க்கத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

ஒரே கயிற்றில் ஒரே இடத்திலேயே எப்போதும் கண்ணி போடாதீர்கள். பொலிப்புறொப்பிலீன் 160 பாகை செல்சியசைத் தாண்டியதும் உருகும். வேகமாக இழுக்கும்போது உரசும் இடத்தில் பளபளப்பான தழும்பு விழும். விரலால் தடவினால் கண்ணாடி போல் கெட்டியாகத் தெரியும். அந்த இடம் போய்விட்டது என்று அர்த்தம், வெட்டிவிடுங்கள்.

"விறகுக் கட்டு வழியில் பிரியுது"

ரீப்பின் முதல் பாதியைப் போட்டு இரண்டாவது பாதிக்குக் கையை எடுத்ததும் முதல் பாதி நழுவும். இன்னொருவரை விரல் வைக்கச் சொல்வதற்குப் பதில், முதல் பாதியில் ஒரு சுற்றுக் கூட்டுங்கள், அதுவே பிடித்துக்கொள்ளும். இன்னும் நல்லது, ஒரு நுனியில் சிறு கண்ணி போட்டு, மறு நுனியை அதற்குள் விட்டு வந்த திசைக்கே திருப்பி இழுத்து, காலால் கட்டை மிதித்து இறுக்குவது. விறகு வெட்டிச் சும்மாடு வைத்துத் தூக்கிவரும் தோட்டத்து அம்மாமார் அநேகம்பேர் இதைத்தான் செய்வார்கள். யாரும் பெயர் சொல்லிக் கொடுத்ததில்லை. கட்டில் தடித்த விறகை நடுவிலும் மெல்லியதை வெளியிலும் வைத்தால் கயிறு கடிக்க இடம் கிடைக்கும். ஒரு கட்டுக்கு ஒரு கயிறு போதாது, இரண்டு இடத்தில் கட்டுங்கள்.

"மாட்டின் கழுத்தில் இறுகுது"

சுருக்கு முடிச்சு. உடனே அவிழ்த்து எறியுங்கள். கழுத்துக்குப் போலைன், அல்லது எட்டு வடிவக் கண்ணி, நான்கு விரல் தாராளமாகப் போகும் அளவில். கட்டுத்தறிப் பக்கத்தில் மட்டும் வேகமாக உருவக்கூடிய முடிச்சு இருக்கட்டும், சரிவில் மாடு விழுந்தால் அந்தப் பக்கத்தைத்தான் விடுவிக்க வேண்டிவரும்.

"முடிச்சு இருக்கு, கயிறு அறுந்துபோச்சு"

அறுந்த இடம் முடிச்சை ஒட்டியிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எந்த முடிச்சும் கயிற்றை வளைத்து நசுக்குகிறது. முடிச்சைப் பொறுத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை பலம் போகும். எட்டு வடிவக் கண்ணி குறைவாகத் தின்னும், சாதாரண ஒற்றை முடிச்சு அதிகம் தின்னும். நைலோன் நனைந்தால் இன்னும் 10 முதல் 15 வீதம் குறையும். மேலட்டையில் எழுதியிருக்கும் பாரத்தை இந்தக் கணக்கில் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

முடிச்சிலிருந்து தள்ளி அறுந்தால் கூர்விளிம்பைத் தேடுங்கள்: பாறை முனை, தகர ஓரம், கொக்கியின் பிசிர். எதுவும் இல்லையென்றால் வெயில். உயரம் கூடக்கூடப் புறவூதாக் கதிர் பலமாகும், 1,000 மீற்றருக்குச் சுமார் 10 வீதம். நுவரெலியா 1,868 மீற்றர். குளிராக இருப்பதால் வெயில் தெரியாது, கயிற்றுக்குத் தெரியும். வருடக்கணக்கில் கூரையில் கிடந்த நீலக் கயிற்றைக் கையில் உருவிப் பாருங்கள். உள்ளங்கையில் தூள் ஒட்டினால், இழைகள் முள்ளாய்க் குத்தினால், அது வேலி கட்டக்கூட உதவாது.

"வீட்டில் வருது, மலையில் வருதில்லை"

கண்ணால் பழகியிருக்கிறீர்கள், விரல் பழகவில்லை. இரண்டு நிறக் கயிற்றில் தொடங்குவது நல்லது, எது எங்கே போகிறது என்று தெரியும். ஆனால் சீக்கிரம் ஒரே நிறத்துக்கு மாறுங்கள். அப்புறம் கயிற்றை வாளியில் நனைத்து, கைக்குப் பின்னால், விளக்கை அணைத்துவிட்டு. உங்கள் பக்கம் கட்டத் தெரிந்தால் போதாது. மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து, தலைக்கு மேலே, இடது கையால் கட்ட நேரும். பீக்கோ ட்ரெயில் என்ற நடைபாதை கண்டியிலிருந்து நுவரெலியாவரை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் போகிறது. அதில் ஒரு கட்டம் நடக்கும்போது ஒரு மீற்றர் கயிற்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், தேத்தண்ணிக்கு நிற்கும் இடமெல்லாம் ஒரு போலைன் போடலாம். ஒரு கிழமையில் ஐந்து முடிச்சு கற்பதைவிட ஒரே முடிச்சை ஐந்து விதமான இடத்தில் கட்டிப் பாருங்கள்.

"சுருளைப் பிரித்தால் எல்லாம் சிக்கல்"

முழங்கைக்கும் கைக்கும் இடையே சுற்றினீர்களா? ஒவ்வொரு சுற்றும் கயிற்றில் ஒரு முறுக்கைச் சேர்க்கிறது. பிரிக்கும்போது அந்த முறுக்கெல்லாம் சிக்கலாக வெளியே வரும். பெருவிரலிலும் சுண்டுவிரலிலும் மாறி மாறி எட்டு வடிவத்தில் சுற்றினால் ஒரு முறுக்கு மற்றதை அழித்துவிடும். நீண்ட கயிறென்றால் வட்டமாகச் சுற்றாமல் ஒரு பைக்குள் நுனியிலிருந்து அப்படியே திணியுங்கள். கடைசியாகத் திணித்த பக்கத்திலிருந்து இழுத்தால் சிக்காமல் திரும்பி வரும்.

நுனி பிரிந்து துடைப்பமாகிறதென்றால் நைலோனையும் பொலிப்புறொப்பிலீனையும் லைட்டரில் உருக்கி, பழைய கரண்டியின் முதுகால் அமுக்குங்கள். விரலால் அமுக்காதீர்கள், உருகிய சொட்டு தோலோடு ஒட்டிக்கொள்ளும். தும்பும் சணலும் உருகாது, எரியும். அவற்றின் நுனியைத் தையல் நூலால், கயிற்றின் தடிப்பளவு நீளத்துக்காவது, நெருக்கமாகச் சுற்றிக் கட்ட வேண்டும். ஈரக் கயிற்றை அடுப்பங்கரைக்கு மேலே போட்டுக் காயவைக்க வேண்டாம், நிழலில் காற்றாடத் தொங்கவிட்டு, நன்றாகக் காய்ந்தபின் சுற்றி வையுங்கள்.